சிறு கூடமும் விறகுத் தீயும்

மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் வைகறையில் எழுந்து நீராடிக் கோயிலுக்குச் செல்லும்போது தோன்றும் குளிரையே யாழ்ப்பாணத்தார் பெருங்குளிர் என்பர். அது ஒரு போர்வைக்கு அடங்குவது. இங்கிலாந்தின் மாரிக்குளிரோ சுவரினுட் புகுந்து மூன்று திங்கள் குடியிருப்பது. அந்நாட்டில் முதுமையை எய்திய பழைய மாணவன் ஒருவன், தன் வீட்டுக் கூடத்தில் ஒரு விறகடுப்பு அமைத்த வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். கல்லூரியிற் கற்றது எங்கே பயன்பட்டது என்பதைக் கூறுவதும் மலருக்கு உரிய பொருளே என்று கருதி எழுதுகின்றேன்.

இலண்டனில் யாம் வாழும் வீடு விக்டோரியா அரசியார் காலத்தில் வரிசையாகக் கட்டப்பட்டவற்றுள் ஒன்று. அதன் முன்கூடம் 12 அடி நீளமும் 11 அடி அகலமும் 9 அடி உயரமும் உடையது. முன்னாளில் நிலக்கரி எரித்த கணப்படுப்பு ஒன்று அதன் சுவரிற் பலகையால் அடைபட்டுக் கிடந்தது. அதனைத் திறந்து, அவ்விடத்தில் விறகு எரிக்கும் இரும்படுப்பு ஒன்றைச் செருக வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். மூட்டுவலியால் வருந்தும் அவருக்கு வெந்நீர்க் குழாய்கள் தரும் வெப்பம் போதவில்லை. அவ்விருப்பத்திற்கு எதிரே நின்றது எங்கள் பேரனின் மூச்சு. எட்டு வயதினனாகிய அவன் தொய்வு நோயுடையவன். சனிக்கிழமைதோறும் எங்களிடம் வருபவன்.

திறந்த கணப்படுப்பு பார்வைக்கு இனியது; பயனிற் குறைந்தது. எரியும் விறகின் வெப்பத்தில் நான்கிலொரு பங்கு அறைக்குக் கிடைப்பதே அரிது. எஞ்சியது, அறையின் வெதுவெதுப்பான வளியையும் இழுத்துக்கொண்டு புகைக்கூட்டின் வழியே வானுக்கு ஏறிவிடும். அமெரிக்காவிற் பிறந்த றம்போட் பிரபு 1796 இல் வெளியிட்ட கட்டுரையில், அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சரித்து, புகைக்கூட்டின் தொண்டையை ஒடுக்கும் வழியைக் காட்டினார். இக்காலத்துச் செருகடுப்போ தீயைக் கண்ணாடிக் கதவுடைய இரும்புப் பெட்டியுள் அடைத்து, வேண்டிய வளியை மாத்திரம் அளந்து விடுகின்றது. அதனால் வெப்பத்தில் நான்கில் மூன்று பங்கு அளவில் அறைக்குக் கிடைக்கின்றது.

சிறு கூடத்திற்குப் பேரடுப்பு ஆகாது. அறையின் கனவளவைக் கனமீற்றரிற் கண்டு 14 ஆல் வகுத்தால் வேண்டிய வெப்பம் ஏறத்தாழக் கிலோவாற்றிற் கிடைக்கும் என்பது இத்தொழிலாளரின் கைக்கணக்கு. எங்கள் கூடம் ஏறத்தாழ 34 கனமீற்றர். ஆகவே இரண்டரைக் கிலோவாற்றே போதும். பெரிய அடுப்பை வாங்கி, வெப்பம் மிகும்போது வளியை அடைத்துத் தணித்தால், விறகு முற்றும் எரியாது புகையும், கண்ணாடி கறுக்கும், புகைக்கூட்டிற் கீல் படியும், அக்கீல் ஒருநாள் தானே தீப்பற்றும். ஆதலின் கிடைத்தவற்றுள் மிகச் சிறியதையே தேர்ந்தோம்.

பழைய புகைக்கூட்டினுள் கறையில் உருக்குக் குழாய் ஒன்றை உச்சிவரை பொருத்தினர். அடுப்பின் முன்னே கல்தளம் இட்டனர். காபனோரொட்சைட்டு மணமும் நிறமும் அற்ற நஞ்சாதலின், அதனை உணர்ந்து ஒலிக்கும் கருவி அவ்வறையில் இருத்தல் வேண்டும் என்பது இங்கிலாந்தின் கட்டட விதி. தொழிலாளர் இவற்றை விளக்கியபோது, கல்லூரி ஆய்வுகூடத்தில் எரியும் மெழுகுதிரியின்மேற் சாடியைக் கவிழ்த்து, தீயும் நம்மைப்போல் ஒட்சிசனை வேண்டுவது என்று ஆசிரியர் காட்டிய பாடம் என் நினைவுக்கு வந்தது. ஓரறையில் தீயும் மனிதரும் ஒரே வளியைப் பங்கிடுகின்றனர். அப்பங்கீடு பிழைத்தால் முதலில் வருந்துவது மெலிந்த மூச்சு.

புகையின் கொடுமையை இலண்டன் நன்கறியும். 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை நகரை மூடிய நிலக்கரிப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் கவர்ந்தது. அதன் பயனாக 1956 இல் தூய வளிச் சட்டம் பிறந்தது. புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீர். அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகிப் புகை பெருகும். ஆதலின் சிறிய அளவில் விற்கப்படும் விறகில் ஈரம் 20 வீதத்திற்கு மேற்படலாகாது என்று 2021 இல் இங்கிலாந்தில் விதித்தனர். உலர்ந்த விறகும் நல்ல அடுப்பும் புகையைக் குறைக்கும், ஒழிக்கமாட்டா. விறகிடக் கதவைத் திறக்குந்தோறும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள் சிறிது அறையுள் வரும்.

இதனை யான் எடுத்துரைத்தபோது மனைவி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "ஊமலும் பனைமட்டையும் எரித்த அடுப்பை ஊதி ஊதியே என் தாயார் இருமினார். எனக்குப் புகையில் ஆசையில்லை. தீயின் முகத்தைக் காண்பதில்தான் ஆசை. பிள்ளை இருக்கும் நாளில் அதுவும் வேண்டாம்" என்றார். நம் தாய்மாரின் இருமலை நாம் வீட்டின் ஓசைகளுள் ஒன்றாகவே கேட்டு வளர்ந்தோம் என்பது அன்றுதான் என் நெஞ்சிற் பட்டது.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு நியதி உண்டு. வெள்ளிக்கிழமை காலையிற் சாம்பலை அகற்றி, யன்னல்களைத் திறந்து வைப்போம். பேரன் திரும்பிச் செல்லும்வரை அடுப்பில் தீ இல்லை. சென்ற தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் தெருவெங்கும் உறைபனி. "அம்மம்மா, நெருப்பு மூட்டுங்கோ, பார்க்கவேணும்" என்று அவன் கெஞ்சினான். முழங்காலிற் போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்த அவர், அடுப்புக்கு இன்று விடுமுறை என்று கூறி அவனை அருகில் அழைத்து அப்போர்வையுள் அணைத்துக்கொண்டார். அவர் கை குளிரால் நடுங்கியதை யான் கண்டேன், அவன் காணவில்லை.

இன்று கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் இளைஞர்க்கு ஒன்று கூறுவேன். எரிதல் பற்றிய பாடத்தைத் தேர்வுக்காக மாத்திரம் படியாதீர்கள். அது வீட்டில் யாருக்கு எவ்வளவு வளி வேண்டும் என்பதைக் கூறும் பாடமும் ஆகும்.