தொப்புள் மூடாத சுறா

ஏப்ரல் 6, ஞாயிறு

விடிவதற்குள் காசிமேடு மீன் சந்தை. பேத்தி பிறந்து எட்டு நாள். மகளுக்குப் பால் சுறாப் புட்டு செய்ய வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. பால் நன்றாக ஊறுமாம். விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆதாரம் கேட்டால் எனக்குப் புட்டு கிடைக்காது.

வழக்கமாக வாங்கும் அம்மாவின் கூடையில் முழ நீளத்தில் பத்துப் பதினைந்து சுறா. “இவ்ளோ குட்டியப் புடிச்சா கடல்ல மிச்சம் என்னம்மா இருக்கும்?” என்றேன், வகுப்பறைக் குரலில்.

அவர் ஒன்றைப் புரட்டிப் போட்டார். அடித் துடுப்பை ஒட்டி இரண்டு குச்சிகள். ஒன்றை அழுத்திப் பார்க்கச் சொன்னார். விறைப்பாக இருந்தது.

“குட்டியா சார் இது? ஆம்பள. கிழவன். இது வளர்றதே இவ்ளோதான்.”

உண்மைதான். மூக்கு மண்வெட்டிபோல் தட்டையான சிறு இனம், பிறக்கும்போது சாண்கூட இருக்காது. ஆண் குட்டிக்கு அந்தக் குச்சி வளையும், முதிர்ந்தால் கெட்டிப்படும். இதைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்!

ஐஸுக்கு அடியிலிருந்து இன்னொன்றை இழுத்தார். இரண்டடி நீளம், துடுப்பு நுனிகளில் மை தொட்ட கறுப்பு. “இதான் குட்டி. நேத்து ராத்திரி முகத்துவாரத்துக்கு வெளிய வலையில வுழுந்தது.” மார்புத் துடுப்புகளுக்கு நடுவே விரலை வைத்துக் காட்டினார். நகம் கீறினாற்போல ஒரு பிளவு, ஓரம் சிவந்து, இன்னும் மூடவில்லை. தொப்புள்.

கிழவன்களை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

கண் முன்னே அந்தப் பிளவுதான். கறுப்பு நுனிச் சுறாவும் நம்மைப் போலத்தான்: நஞ்சுக்கொடி, பத்துப் பன்னிரண்டு மாதக் கர்ப்பம். பெற்றதும் தாய் போய்விடும், அவ்வளவுதான் தாய்மை. அவள் செய்யும் ஒரே உபகாரம் இடம் பார்த்துப் பெறுவது. பெரிய சுறா நுழையத் தயங்கும் ஆழமற்ற நீர், கைக்கெட்டும் இரை. லட்சத்தீவில் இதன் உறவுக்காரியான பவளத்திட்டுச் சுறாவின் குட்டிகள் முழங்கால் தண்ணீரில் திரியும்.

இதே கறுப்பு நுனி இனம் கலாபகஸ் தீவுகளில் அலையாத்திக் குடாக்களுக்குள் குட்டி போடுகிறது. அங்கே 1998 முதல் கடல் காப்பகம், சுறா பிடிக்கத் தடை. பகாமாஸின் பிமினித் தீவில் 1990-களில் பிறந்த எலுமிச்சைச் சுறாக்கள் 14 முதல் 17 ஆண்டு கழித்து அதே தீவுக்குப் பிரசவத்துக்கு வந்ததை மரபணுவை வைத்து 2013-இல் காட்டினார்கள். தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

ஆனால் குட்டி கிடைத்த இடமெல்லாம் தொட்டில் ஆகாது. 2007-இல் ஆய்வாளர்கள் வைத்த அளவுகோல் மூன்று: மற்ற இடங்களைவிட அங்கே குட்டி அதிகம் தென்பட வேண்டும், அங்கேயே தங்கவோ திரும்பத் திரும்ப வரவோ வேண்டும், வருடா வருடம் இது நடக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு தொப்புள்.

ஏப்ரல் 9, புதன்

பேத்தியின் தொப்புள்கொடி விழுந்தது. தாயத்தில் அடைக்க எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 12, சனி

எண்ணூர். அந்த அம்மா சொன்ன முகத்துவாரம், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். கலங்கல் நீர், ஓரத்தில் அலையாத்தி. புத்தகத்தில் கலாபகஸ் என்று போட்டிருந்த படத்தில் இந்த வேர்கள்தான், இந்த நீர்தான். எதிரே புகைபோக்கிகள். காலை வைத்தால் சேற்றுக்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பல், சிமெண்டு மாவு போல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்த எண்ணெயின் கறை சில தண்டுகளில் இன்னும் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. பேருந்து வரத் தாமதமானதில் நிறைய நேரம் நின்றேன். இறால் தடவும் இருவரைத் தவிர யாரும் இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. அவை போவது கரையோரத்துக்கு, குட்டிகள் இருக்கக்கூடிய அதே தண்ணீருக்கு. அந்தப் படகுக்காரர்களையும் நிறுத்து என்று எழுத என் பேனாவுக்கு மனம் வரவில்லை. ஆற்றில் சாம்பலைக் கொட்டியவர்களை நிறுத்திவிட்டு அவர்களிடம் போகலாம்.

அந்த அம்மாவிடம் குட்டிகளைப் பற்றிச் சொன்னேன். கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

“சரி சார், இனிமே தொப்புள் மூடினதா பாத்து உனக்கு எடுத்து வெக்கிறேன். மூடாததை யாருக்கு விக்கிறதுன்னு நீயே சொல்லு.”