பனிகாலேயும் அப்பாவின் புல்லட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே காலுக்கு, அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிட்டேன். வீட்டம்மா போர்வைக்குள்ளிருந்தே, "ஆபீசுக்கு ஒரு நாளாவது இப்படி எழுந்திருக்கீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் டீமில் ஒரு மராட்டிப் பையன். அவனுக்குத் தெரிந்த ஒருவர் தன்னுடைய டுகாட்டி பனிகாலே வி2-வை விற்கிறாராம். 2021 மாடல், சிவப்பு, ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பதினோரு லட்சம் சொல்கிறார். பையன் வாங்குவதாக இருந்தான். அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வருங்கால மாமனார் ஒரே வார்த்தையில் "கார்" என்று சொல்லிவிட்டார் போல. "அண்ணா, நீங்க எடுத்துக்குங்க. ஓட்டிப் பார்க்க மட்டுமாவது வாங்க" என்றான். (புனேயில் என்னை அண்ணா என்று கூப்பிடுபவர்களில் பாதிப் பேர் மரியாதைக்காகக் கூப்பிடுகிறார்கள், மீதிப் பேருக்கு அது 'மதராஸி' என்பதற்கு நாகரிகமான வார்த்தை. இவன் முதல் ரகம்.)

எனக்கு நாற்பத்தாறு வயது. பதினேழு வருஷ புனே வாழ்க்கையில் பெண்ணின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் போக முதல் முறையாகக் கையில் கொஞ்சம் காசு நிற்கிறது. ஆசை வராமல் இருக்குமா? வீட்டில் கேட்டேன். எதிர்பார்த்த சண்டை வரவில்லை. "வாங்குங்க. ஆனா அந்த புல்லட்டை வித்துட்டு வாங்குங்க. பார்க்கிங் ஒண்ணுதான் இருக்கு" என்றார். சண்டையே தேவலை என்று தோன்றியது.

அந்த புல்லட் அப்பாவுடையது. 1986 மாடல் 350. திருவொற்றியூரில் செய்தது. மதுரையில் அப்பா அதில்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார், அம்மாவைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போனது கூட அதில்தான் என்பார்கள் (தங்கச்சிக்கு, எனக்கு ஆட்டோ). கடைசி நாலைந்து வருஷம் மூட்டுவலியால் அவரால் உதைக்க முடியவில்லை. நான் லீவில் போகும்போதெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணு" என்பார். ஓட்டச் சொல்லமாட்டார். சத்தம் கேட்டால் போதும். 2019-ல் போய்விட்டார். பழைய இரும்புக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றதாக அம்மா போனில் சொன்ன அன்றைக்குத்தான் டிக்கெட் போட்டேன். பெட்ரோலைக் காலி செய்து, வைக்கோலும் சாக்கும் சுற்றி, மதுரை பார்சல் ஆபீஸில் புக் பண்ணி புனே கொண்டுவந்து சேர்த்தேன். அப்புறம் என்.ஓ.சி., மறுபதிவு, பசுமை வரி என்று அலைந்ததைச் சொன்னால் இன்னொரு புராணம் ஆகிவிடும். வேண்டாம்.

அப்பா ஞாபகம் என்பதற்காக வண்டியை உயர்த்திப் பேசமாட்டேன். எண்ணெய் ஒழுகும். சொசைட்டியிலிருந்து மாதம் ஒரு நோட்டீஸ் வரும், நான் மாதம் ஒரு அட்டையைக் கீழே விரிப்பேன். மழைக்காலத்தில் பாயிண்ட்டில் ஈரம் கோத்துக்கொண்டு சாலையில் நின்றுவிடும். எழுபதுக்கு மேல் போனால் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி நாலு லாரியாகத் தெரியும்.

ஆனால் அதை ஸ்டார்ட் செய்வது ஒரு தனி சாங்கியம். சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வந்து நிற்கும் இடத்தில் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து ஒரு இம்மி நகர்த்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, முழு உடம்பும் இறங்க ஒரு உதை. சரியாகச் செய்தால் ஒரே உதை. தப்பாகச் செய்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்காலில் வாங்கியவனுக்குத்தான் தெரியும் அந்த வலி. அன்றைக்கு மூன்றாவது உதையில் கிளம்பியது. டிசம்பர் குளிர், பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும். பாஷாண் வழியாக பாவ்தன் போய்ச் சேர்ந்தேன்.

வண்டிக்காரர் கதவைத் திறந்து பனிகாலேயை வெளியே தள்ளினார். ஐயோ சாமி! படத்தில் பார்ப்பது வேறு. பின்சக்கரத்தை ஒரே பக்கத்துக் கை மட்டும் பிடித்திருக்கிறது. மறுபக்கத்தில் சக்கரம் அப்படியே அந்தரத்தில் நிற்கிற மாதிரி ஒரு தோற்றம். சட்டம் என்று தனியாக எதுவும் கண்ணில் படவில்லை. முன்னால் ஒரு அலுமினியப் பெட்டி, அதில் இன்ஜினே சட்டத்தின் பாதி வேலையைச் செய்கிறது. பக்கத்தில் என் புல்லட்டை நிறுத்தினேன். கல்யாண வீட்டு வாசலில் டிராக்டர் நிறுத்தின மாதிரி இருந்தது.

இரண்டையும் காகிதத்தில் ஒப்பிட்டால் சிரிப்புதான் வரும். என்னுடையது 346 சி.சி., 18 எச்.பி. அது 955 சி.சி., 155 எச்.பி.; எடை பெட்ரோலோடு சேர்த்து 200 கிலோ. அதாவது என் வண்டியைவிட முப்பது கிலோ சொச்சம்தான் அதிகம். பெரிய இன்ஜின் என்பதால் மட்டும் அந்த சக்தி வந்துவிடவில்லை. லிட்டருக்கு இத்தனை குதிரை என்று கணக்குப் போட்டால் புல்லட் 52, பனிகாலே 162. மூன்று மடங்கு. எங்கிருந்து வருகிறது?

புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. ஒல்லியாக உயரமான சொம்பு. டுகாட்டிக்கு அகலம் 100, தூரம் 60.8. அகலமான தாம்பாளம். இத்தாலியக்காரர்கள் இந்த இன்ஜினுக்கு சூப்பர்குவாட்ரோ என்று வைத்த பேருக்கே அதுதான் அர்த்தம். பிஸ்டன் போகும் தூரம் குறைவு என்பதால் நிமிஷத்துக்கு 10,750 சுற்று வரை சுற்றி முழு சக்தியைக் கொடுக்கிறது. புல்லட் 5,600 சொச்சத்திலேயே மூச்சு வாங்கும். அந்த வேகத்தில் வால்வை ஸ்பிரிங் வைத்து மூடினால் ஸ்பிரிங் பின்தங்கிப் போகலாம் என்பதால், திறக்க ஒரு ராக்கர், மூட இன்னொரு ராக்கர். அதுதான் டெஸ்மோ. டாக்லியோனி என்ற இன்ஜினியர் 1950களில் டுகாட்டிக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. 2025-ல் வந்த புதிய வி2-வில் அதை எடுத்துவிட்டு 890 சி.சி., 120 எச்.பி. என்று அடக்கிவிட்டார்கள். "இதுதான் அண்ணா கடைசி டெஸ்மோ வி2" என்று பையன் காதில் ஓதியதற்கு அதுதான் காரணம். மாமனார் வீட்டில் தோற்றவன் என்னை வைத்து ஜெயிக்கப் பார்க்கிறான் என்பது புரிந்தது. இருந்தாலும் நன்றாகத்தான் ஓதினான்.

வண்டிக்காரர் ஸ்ட்ரீட் மோடில் வைத்துக் கொடுத்தார். என் புல்லட் சாவியைக் கேட்டு வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பதினோரு லட்சத்துக்கு அது என்ன அடமானம் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "கியர் இடது கால், தெரியுமில்லையா?"

தெரியும் என்றேன். தெரியாதா என்ன? கல்லூரியில் நண்பர்களின் யமஹாவையும் ஹீரோ ஹோண்டாவையும் ஓட்டாத நாளில்லை. ஆனால் இந்த நாலைந்து வருஷமாக நான் கியர் போட்டு ஓட்டியது ஒரே வண்டி. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதுவும் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. டுகாட்டியில் எல்லாமே நேர் எதிர். வீட்டுத் தெருவில் நடக்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்: இடது கியர், வலது பிரேக், இடது கியர், வலது பிரேக்.

பாவ்தனிலிருந்து பிரங்குட் பக்கம். லவாசா போகிற சாலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புனேயின் பைக் கூட்டம் முழுக்க அங்கேதான். உட்கார்ந்த பத்து நிமிஷத்திலேயே மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. ஹேண்டில் அவ்வளவு கீழே. சாஷ்டாங்கமாக விழப்போகிறவன் பாதியில் மனசு மாறின மாதிரி ஒரு உட்காரல். பின் சிலிண்டரின் சூடு நேராகத் தொடையில் ஏறுகிறது, டிசம்பர் என்பதால் சுகமாக இருந்தது. மே மாதம் சிக்னலில் நின்றால் அப்பளம் பொரிக்கலாம்.

ஊரைத் தாண்டி சாலை திறந்ததும் கொஞ்சம் திருகினேன். கொஞ்சம்தான். என்ன நடந்தது என்று சொல்ல வார்த்தை சரியாக வரமாட்டேன் என்கிறது. புல்லட்டில் திருகினால் ஒரு யோசனை, ஒரு பெருமூச்சு, பிறகு நகர்வு. இதில் நினைப்புக்கும் நகர்வுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. முதல் கியரிலேயே நூறைத் தொடக்கூடிய வண்டி. கிளட்ச்சைத் தொடாமலே அடுத்த கியர், அடுத்த கியர். வளைவில் பார்க்கிற பக்கம் தானாகச் சாய்ந்தது. நாற்பத்தாறு வயசு ஆள் ஹெல்மெட்டுக்குள் ஹோவென்று கத்தினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். விற்றுவிடலாம், அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுகூட அந்த நிமிஷத்தில் தோன்றியது. பார்க்கிங்கில் சிவப்பாக இது நிற்பதைக் கூடப் பார்த்துவிட்டேன்.

அடுத்த வளைவு முடிந்த இடத்தில் ஒரு பெரியவர். வெள்ளைத் தொப்பி, வேட்டி, தலையில் புல்லுக்கட்டு. சாலையின் குறுக்கே, பாதி தூரத்தில்.

வேகம் எண்பது இருக்கும். நான் பிரேக்கை மிதித்தேன். இடது காலால்.

மிதித்தது பிரேக் இல்லை, கியர். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு விழுந்து இன்ஜின் அலறியது, பின்சக்கரம் துள்ளியது. அந்த அரை நொடியில் ஏன் வண்டி நிற்கவில்லை என்று புரியாமல் நான் இன்னும் பலமாக மிதித்தேன், அதாவது இன்னொரு கியர். காப்பாற்றியது வலது கை. முன்பிரேக் இரண்டு வண்டியிலும் வலது கையில்தான் இருக்கிறது, அது ஒன்றுதான் மாறவில்லை. மீதியை அந்த பிரெம்போவும் ஏ.பி.எஸ்.ஸும் பார்த்துக்கொண்டன. இதே வேகத்தில் என் டிரம் பிரேக் புல்லட்டாக இருந்திருந்தால், கால் சரியாகவே போயிருந்தாலும், நின்றிருக்காது. இதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் புல்லட்டாக இருந்திருந்தால் அந்த வளைவை எண்பதில் எடுத்திருக்கவும் மாட்டேன். எது எதைச் சரிக்கட்டுகிறது என்று இன்றுவரை எனக்குக் கணக்கு வரவில்லை.

பெரியவருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. அவர் ஓடவில்லை, திட்டவும் இல்லை. தலைக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சாவகாஷ்" என்றார். மராட்டியில் 'மெதுவாக' என்று அர்த்தம். நம் சாவகாசம்தான். சொல்லிவிட்டு அந்தச் சொல்லுக்கேற்ற நடையில் மீதிச் சாலையைக் கடந்து போனார்.

அப்பா எனக்கு புல்லட் சொல்லிக்கொடுத்தது ரேஸ்கோர்ஸ் மைதானத்தில். பின்னால் உட்கார்ந்துகொண்டு என் இடது முழங்காலைத் தட்டிக்கொண்டே இருப்பார். "இந்தக் கால் தூங்கக்கூடாது. பெடல் மேலேயே இருக்கணும்." ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு தட்டு. சாலையோரம் வண்டியை நிறுத்தி இறங்கிப் புல்லில் உட்கார்ந்தபோது அந்த முழங்கால்தான் நடுங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது நாற்பதைத் தாண்டவில்லை. அந்த வண்டி நாற்பதில் போகப் பிறந்தது இல்லை, கரகரவென்று முனகிக்கொண்டே வந்தது. பாவ்தனில் இரண்டு பேரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். "கசா வாட்லா அண்ணா?" என்று பையன் முகமெல்லாம் பல்லாகக் கேட்டான். அருமையான வண்டி என்றேன். பொய் இல்லை. நான் ஓட்டியதிலேயே அருமையான வண்டி அதுதான். "அட்வான்ஸ் எப்போ?" என்றார் வண்டிக்காரர். யோசித்துச் சொல்கிறேன் என்று புல்லட் சாவியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். பக்கத்துக் கடையில் மிசல் பாவ் வாங்கித் தந்தான் பையன். காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. நல்லவேளை, காரம் என்றே நினைத்துக்கொண்டான்.

புல்லட் ஆறு உதை வாங்கியது. ஏழாவதில் கிளம்பியது. பாஷாண் வரும்வரை இடது கால் பெடல் மேலேயே இருந்தது.

வீட்டில் வந்ததும், "என்ன, எப்போ வருது உங்க சிவப்பு வண்டி?" என்றார். உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது, நம் வயசுக்குச் சரிப்படாது என்றேன். "அதானே பார்த்தேன்" என்று காபியை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெரியவர் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் கீழே போய், நனைந்திருந்த அட்டையை எடுத்துவிட்டுப் புதிய அட்டையை விரித்தேன்.