ஒட்டுவதும் விடுவதும்

சிலர் ஒட்டினால் உடும்புப் பிடிதான். பொருட்களிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் எபாக்சி ரெசின். ரெசினையும் ஹார்டனரையும் கலந்து ஊற்றினால் கண்ணாடி போல இறுகிவிடும். ஊற்றுவது சுலபம். அச்சிலிருந்து எடுப்பதுதான் பெரும்பாடு!

திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு பாலிடெக்னிக் மாணவன் இதைப் பட்டுத் தெரிந்து கொண்டான்.

அவனுடைய தாத்தா பூட்டுத் தொழிலாளி. திண்டுக்கல் பூட்டு என்றால் கையால் அராவி, கையால் பொருத்திச் செய்வது. ஒவ்வொரு பூட்டுக்கும் சாவி வேறு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பட்டறையில் உட்காரத்தான் ஆளில்லை. அலிகாரிலிருந்து வரும் மெஷின் பூட்டோடு விலையில் போட்டி போட முடியாமல் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தாத்தாவுக்கும் கை நடுக்கம் வந்துவிட்டது. அவர் செய்ததில் வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பித்தளை மாங்காய்ப் பூட்டு.

பேரனுக்கு ஒரு யோசனை. பூட்டின் பித்தளை மூடியைக் கழற்றிவிட்டு, அதே வடிவத்தில் தெளிவான எபாக்சி மூடி போட்டால்? சாவியைத் திருப்பும்போது லீவர்கள் ஒவ்வொன்றாக எழும்புவதை எல்லோரும் பார்க்கலாமே. தாத்தா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அவரே ரிவிட்டுகளை அராவி மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

முதலில் அவன் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஊற்றினான். வழவழப்பான பரப்பு, ஒட்டாது என்பது அவன் நினைப்பு. மறுநாள் நெம்பியபோது ரெசின் வந்தது, கூடவே கண்ணாடியும் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது!

வழவழப்புக்கும் ஒட்டாமைக்கும் சம்பந்தம் குறைவு. ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு பரப்பு ஆற்றல் உண்டு. கண்ணாடி, உலோகம் போன்றவற்றுக்கு அது அதிகம். ரெசின் அவற்றின் மேல் நன்றாகப் படர்ந்து, மூலக்கூறு அளவில் பிடித்துக் கொள்கிறது. எபாக்சியின் அளவு மீட்டருக்குச் சுமார் 45 மில்லிநியூட்டன். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் 30-ஐ ஒட்டி, சிலிக்கோனும் டெஃப்லானும் 20-ஐ ஒட்டி. தனக்குக் கீழே இருப்பவற்றின் மேல் எபாக்சி சேம்பிலைத் தண்ணீர் மாதிரிதான், பிடிப்பு இருக்காது. இதில் ஒரு வேடிக்கை: டெஃப்லானைப் பிளங்கெட் தற்செயலாகக் கண்டது 1938-ல். சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்தான் எபாக்சிக்குக் காப்புரிமை கேட்டதும் அதே 1938-ல். ஒட்டுவதும் ஒட்டாததும் ஒரே வருடத்துப் பிள்ளைகள்!

இரண்டாவது முயற்சியில்தான் வினை வந்தது. மூடி கச்சிதமாக உட்காரட்டும் என்று, லீவர்களை எடுத்துவிட்டுப் பூட்டின் உடலையே அச்சாக்கினான். உள்ளே தேங்காய் எண்ணெய் தடவி ரெசினை ஊற்றினான். அது சித்திரை வெயில் காலம். கலந்த டப்பாவே கையைச் சுட்டது. எண்ணெய் ஓரிடத்தில் நிற்காமல் ஒதுங்கிவிட்டது. ரெசின் பித்தளையை நேராகப் பிடித்தது. அது மட்டுமா? லீவர் நிற்கும் முளைகளையும் சுற்றி வளைத்துக் கொண்டது. ஒட்டுவதில் இரண்டு வகை. பரப்பில் ஒட்டுவது ஒன்று, வடிவத்தில் மாட்டிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதுக்கு எந்த மெழுகும் உதவாது. அச்சின் சுவர் கொஞ்சம் சாய்வாக இருக்க வேண்டும், அல்லது அச்சு வளைய வேண்டும்.

தாத்தாவின் கடைசிப் பூட்டு இறுகிப் போய் உட்கார்ந்திருந்தது. அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.

தாத்தா எதுவும் சொல்லவில்லை. அப்பத்தாதான் கேட்டார். நெய்க்காரபட்டிப் பக்கத்துக்காரர், சின்ன வயதில் வெல்ல ஆலையில் வேலை பார்த்தவர். "ஏஞ்சாமி, அச்சை நனைக்காம பாகை ஊத்துவாகளா? செங்கல் அறுக்கிறவுக கூட மணலைத் தூவிட்டுத்தானே மண்ணை அடிக்கிறாக?"

எவ்வளவு சரியான பேச்சு! வெல்ல அச்சுக்குத் தண்ணீர், செங்கல் அச்சுக்கு மணல், பலகாரம் தட்டும் இலைக்கு எண்ணெய். ஊற்றுகிற பொருளுக்கும் அச்சுக்கும் நடுவே, இரண்டோடும் உறவாடாத ஒரு படலம் வேண்டும். எபாக்சிக்கு அந்தப் படலம் கார்னூபா மெழுகு. மூன்று நான்கு தடவை தடவித் துணியால் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் பாலிவினைல் ஆல்கஹால் கரைசல் பூசிக் காயவிட்டால் மெல்லிய தோல் போலப் படியும். பிறகு தண்ணீரில் கழுவினால் போய்விடும். வாசலின் பூசினாலும் விடும், ஆனால் தடவிய கோடெல்லாம் வார்ப்பில் பதியும். சிலிக்கோன் ஸ்பிரே இன்னும் சுலபம். ஆனால் வார்ப்பின் மேல் பின்னால் பெயிண்ட் அடித்தால் மீன் கண் மாதிரி குழி குழியாக விலகும். மரச்சட்டம் என்றால் பார்சலுக்கு ஒட்டும் பிரவுன் டேப்பை உள்ளே சுருக்கமின்றி ஒட்டினாலே போதும். அது பாலிபுரொப்பிலீன்தான்.

சரி, பூட்டு என்ன ஆனது? அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரிக்கு மேல் ரப்பர் மாதிரி இளகும். பூட்டைக் கொதிக்கும் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டார்கள். தாத்தாவே சிறு உளியால் ஓரத்திலிருந்து பிரித்தார். நடுங்கிய கைதான். ஆனாலும் முளைகள் தப்பின. உள்சுவரில் ஒரு கீறல் மட்டும் விழுந்தது.

மூன்றாம் முறை அவன் சிலிக்கோன் ரப்பருக்குப் போனான். அதிலும் இரண்டு வகை. தகரம் கலந்தது விலை குறைவு, நாளாக ஆக லேசாகச் சுருங்கும். பிளாட்டினம் வகை சுருங்காது. ஆனால் கந்தகம் கலந்த களிமண்ணோ லேடெக்ஸ் கையுறையோ பட்டால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுத்தே கிடக்கும். தாத்தா பித்தளை மூடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். அச்சு எப்படியோ வார்ப்பும் அப்படி. மாதிரி மங்கினால் ரப்பர் மங்கும், ரப்பர் மங்கினால் எபாக்சி மங்கும். மூடியின் மேல் ரப்பரை ஊற்றி அச்செடுத்தார்கள். அதில் ரெசினை ஊற்றி, மேலே ஓஎச்பி ஷீட்டைக் காற்றுக் குமிழி இல்லாமல் படுக்க வைத்தான். அந்தப் பாலியெஸ்டர் தாளும் எபாக்சியை விட்டுவிடும், கண்ணாடிப் பளபளப்பையும் கொடுக்கும்.

மறுநாள் ரப்பரை வளைத்ததும் மூடி தானாகக் கையில் விழுந்தது. மெழுகும் இல்லை, எண்ணெயும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, தேய்த்தும் போகாத பழைய அரத்தின் கோடுகள் ஓரத்தில் அப்படியே பதிந்திருந்தன. தாத்தா முப்பது வருடத்துக்கு முன் அராவிய கோடுகள்!

இப்போது அந்தத் தெருப் பிள்ளைகள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். லீவர்கள் எழும்புகின்றன, நாக்கு நகர்கிறது. உள்ளே அந்தக் கீறலும் தெரிகிறது. அதைத் தேய்த்து எடுத்துவிடட்டுமா என்று பேரன் கேட்டான்.

"கிடக்கட்டும்ப்பா. அது நீ கத்துக்கிட்ட இடம்" என்றார் தாத்தா.