புறப்படும் முன் நான்கு நாட்கள்

சிங்கப்பூர் சென்று வந்தோம் என்றதும் தோழியர் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளே. கடலோரத்தில் நீர் உமிழும் சிங்கச் சிலையைப் பார்த்தீர்களா? தெருவில் குப்பையே இருக்காதாமே? சூயிங்கம் விற்க மாட்டார்களாமே? ஆம், சிலையைப் பார்த்தோம். குப்பையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நம் உக்கடம் போல இல்லை. சூயிங்கம், மருந்துக்கான வகை தவிர, 1992 ஆம் ஆண்டு முதல் விற்பதில்லை. இவற்றையெல்லாம் முதல் வாரத்திலேயே பார்த்துக் களித்து முடித்துவிட்டோம். எங்கள் மனத்தில் இன்றும் நிற்பவை கடைசி நான்கு நாட்கள். ஆகவே அவற்றைப் பற்றியே எழுதுகிறோம்.

எங்கள் தந்தையார் அங்கே ஜூரோங் பகுதியில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்கிறார். கோவைக்காரர்களுக்கு லேத் பட்டறை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கணபதியில் அவருக்கே இரண்டு லேத்துகளுடன் ஒரு சிறு பட்டறை இருந்தது. பம்பு செட்டுக்குத் தண்டு கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் ஆர்டர் நின்றது. வாடகையும் வட்டியும் நிற்கவில்லை. மூன்று ஆண்டுகள் இழுத்துப் பார்த்துவிட்டு, ஒரு லேத்தை விற்று, மற்றதை வீட்டுத் திண்ணையோரம் இறக்கித் தார்ப்பாய் போர்த்திவிட்டு, 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்பா விமானம் ஏறினார். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். அது முடிய ஒரு மாதம் இருக்கும்போதுதான், சென்ற கோடை விடுமுறையில், அம்மாவும் நாங்கள் இருவரும் சென்றோம். எங்களில் மூத்தவள் இப்போது பத்தாம் வகுப்பு. இளையவள் ஏழாம் வகுப்பு.

அப்பா தங்குவது தொழிலாளர் விடுதியில். அங்கே குடும்பம் தங்க இயலாது. ஆகவே ஈசூனில் உள்ள பெரியம்மா வீட்டில் 28 நாட்கள் தங்கினோம். வீவக என்று அங்குள்ள தமிழர் சுருக்கிச் சொல்லும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு அது. பதினோராவது மாடி. ஞாயிறுதோறும் காலையில் அப்பா வருவார், இரவு போய்விடுவார். கடைசியில் மட்டும் ஞாயிறோடு சேர்த்துத் திங்களும் செவ்வாயும் விடுப்பு எடுத்திருந்தார்.

சனிக்கிழமை முழுவதும் பெட்டி கட்டினோம். எங்கள் பயணச்சீட்டில் ஆளுக்கு 20 கிலோ. பெரியம்மாவிடம் பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் எடை காட்டும் சிறு தராசு இருந்தது. அதைத் தூக்கித் தூக்கியே எங்கள் தோள்கள் வலித்தன. அம்மாயிக்கு மூட்டுவலிக்குக் கோடாலித் தைலம்; பக்கத்து வீட்டாருக்கும் எதிர்வீட்டாருக்கும் அதே தைலம்; அம்மாயி வீட்டுக்குப் பால் ஊற்றுபவர்கூடச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆக மொத்தம் 24 புட்டிகள். அவற்றைத் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்தோம். எந்தப் பொருளை எடுத்தாலும் அம்மா வெள்ளியை ரூபாயாக்கிப் பார்ப்பார். டாலரை அங்கே தமிழர் ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறார்கள். சென்ட் என்பது ‘காசு’. ஒரு வெள்ளி அறுபது ரூபாய்க்கு மேல் என்பதால், கணக்குப் போட்ட பிறகு அம்மா பாதிப் பொருட்களைத் திரும்ப வைத்துவிடுவார்.

ஆனால் கூடத்தில் இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்று ஊருக்கு வருவது. மற்றது அம்மா அப்பாவுக்காகச் செய்துகொண்டிருந்தது: பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த நிலக்கடலை, ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டை. அடுத்த மாதம் ஊருக்கு வரப்போகிறவருக்கு இத்தனை பொடி எதற்கு என்று இளையவள் கேட்டாள். “அவரு நண்பர்களும் சாப்பிடுவாங்க” என்றார் அம்மா, மிக்சியை நிறுத்தாமல்.

இந்த இடத்தில் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறார்கள். அம்மாவுக்கு 28 நாளும் அதில் நம்பிக்கை வரவில்லை. “எங்க சிறுவாணி மாதிரி வருமா?” என்று பெரியம்மாவிடம் தினமும் வாதாடுவார். பெரியப்பா ஒரு நாள் சிரித்துக்கொண்டே, சிங்கப்பூருக்கு வரும் தண்ணீரில் ஒரு பெரும் பங்கு பக்கத்து மலேசியாவின் ஜொகூரிலிருந்து வருகிறது என்றும், 1962 ஆம் ஆண்டு செய்த உடன்படிக்கை 2061 வரை இருக்கிறது என்றும் சொன்னார். சிறுவாணி அணையும் கேரளத்தில்தானே இருக்கிறது! அண்டை வீட்டுக் கிணற்றை நம்பி வாழ்வதில் இரண்டு ஊரும் ஒன்றுதான் என்று வாதம் சமாதானமாக முடிந்தது.

ஞாயிறன்று ஓஃபிர் சாலையில் உள்ள தூய லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி. தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பப்பட்டு 1888 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஆலயம் இது. பிரான்சு நாட்டில் அன்னை காட்சி தந்த லூர்து நகரின் பேராலயத்தை ஒட்டி, கோத்திக் பாணியில் கூரிய கோபுரத்துடன் அமைத்திருக்கிறார்கள். 2005 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. வெளியே பெரிய பெரிய கட்டடங்கள். உள்ளே நுழைந்தால் நம் மிக்கேல் அதிதூதர் பேராலயத்தில் நிற்பது போன்ற உணர்வு. அதே பாடல்கள், அதே மல்லிகை மணம். முன்வரிசைகளில் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள். பின்னால், சுவரோரமாக, எங்கள் அப்பாவைப் போன்றவர்கள் நெருக்கி நின்றார்கள். தஞ்சாவூர்ப் பேச்சும் சிவகங்கைப் பேச்சும் கலந்து கேட்டன. எங்கள் ‘ங்க’ வைக் கேட்டு ஒருவர் திரும்பிப் பார்த்து, “கோயமுத்தூரா?” என்றார்.

திருப்பலி முடிந்ததும் அப்பாவின் அறை நண்பர் ஒருவர் வந்தார். அரியலூர்க்காரர். அவருக்குப் பிறந்த குழந்தைக்கு ஏழு மாதம். இன்னும் கைப்பேசியில் மட்டுமே பார்த்திருக்கிறார். ஒரு ஜோடி சிறு காலணிகளை அம்மாவிடம் கொடுத்து, கோவையிலிருந்து கூரியரில் அனுப்ப முடியுமா என்று கேட்டார். எத்தனையாம் அளவு என்று அம்மா பார்த்தார். “அளவு தெரியலைங்க அக்கா. கொஞ்சம் பெருசாவே வாங்கிட்டேன்” என்றார் அவர். வீட்டுக்கு வந்ததும் அம்மா 24 தைலப் புட்டிகளில் நான்கை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் காலணிப் பெட்டியை வைத்தார்.

திங்களன்று எங்களை ஒரு கன்னியர் மடத்துக்கு அழைத்துச் சென்றவர் பெரியம்மாவின் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி. அங்கே வயதான பெண்கள் எல்லோரையும் ‘ஆன்ட்டி’ என்றுதான் அழைக்கிறார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். நாங்கள் கன்னியர் பள்ளியில் படிக்கிறோம் என்று தெரிந்த நாள் முதல், விக்டோரியா தெருவில் தாம் படித்த பள்ளியை எங்களுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பள்ளியின் கதை நம் சகோதரிகளுக்குப் பிடிக்கும். 1854 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் குழந்தை இயேசு சபையைச் சேர்ந்த நான்கு கன்னியர் கப்பலில் வந்து இறங்கினர். பத்தே நாட்களில் பாடம் தொடங்கிவிட்டார்களாம். பிறகு அநாதைக் குழந்தைகளுக்கு இல்லமும் நடத்தினர். மடத்தின் மதிலில் ஒரு சிறிய வாயில் உண்டு. வளர்க்க வழியில்லாதவர்கள் பச்சிளங்குழந்தைகளை அதன் அருகே விட்டுச் செல்வார்கள். கன்னியர் எடுத்து வளர்ப்பார்கள். ‘நம்பிக்கை வாயில்’ என்று அதற்குப் பெயர். சாதாரண ஒரு சிறு கதவு. சொல்லாவிட்டால் கவனிக்காமல் நடந்து போயிருப்போம். அம்மா அதன் எதிரே நெடுநேரம் நின்றார். அப்பா இருமுறை கூப்பிட்ட பிறகே வந்தார்.

இப்போது அங்கே பள்ளி இல்லை. 1983 ஆம் ஆண்டு பள்ளி தோ பாயோ என்ற இடத்துக்கு மாறிவிட்டது. 1904 இல் கட்டி முடித்த சிற்றாலயமும் அவ்வாண்டோடு வழிபாட்டிலிருந்து விலக்கப்பட்டது. 1996 முதல் அந்த வளாகம் உணவகங்களும் கடைகளும் உள்ள இடம். வகுப்பறை வராந்தாக்களில் மேசைகள். மேசைகளில் மதுக் கிண்ணங்கள். சிற்றாலயத்தில் அன்று மாலை யாருக்கோ திருமணம் என்று பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. பெல்ஜியத்தின் புரூஜ் நகரிலிருந்து வந்த வண்ணக் கண்ணாடிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. நற்கருணை விளக்கு எரிய வேண்டிய இடத்தைத் தேடிப் பார்த்தோம். எங்களுக்கு அது சற்றும் பிடிக்கவில்லை.

ஆன்ட்டி அழுவார் என்று நினைத்தோம். அவரோ, “இங்கே என் வகுப்பு, இங்கே மணி, இங்கே நான் முழங்காலில் நின்றேன்” என்று ஒவ்வோர் இடமாகச் சிரித்துச் சிரித்துக் காட்டினார். எதிரில் வானுயர நின்ற வணிகக் கட்டடத்தைச் சுட்டி, அங்கே இருந்த ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தின் பழைய கட்டடத்தை இடித்தே விட்டார்கள், எங்களுடையது நிற்கிறதே, அது போதும் என்றார். இதை எங்களால் ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. வழியெல்லாம் இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

அன்றிரவு சாப்பிட்ட பிறகு அப்பா எங்கள் இருவரையும் கீழே அழைத்துச் சென்றார். அந்த அடுக்கு வீடுகளின் கீழ்த்தளத்தில் சுவரில்லாமல் திறந்த இடம் விட்டிருப்பார்கள். கல் மேசைகளும் இருக்கைகளும் இருக்கும். அங்கே உட்கார்ந்தோம்.

“கண்ணு, கம்பெனியில இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லிக் கேட்டாங்க.”

“நீங்க என்னங்கப்பா சொன்னீங்க?”

“கையெழுத்துப் போட்டுட்டேன் சாமி. நீங்க வாரதுக்கு முன்னாடியே.”

அம்மாவுக்குத் தெரியும் என்பது அப்போது புரிந்தது. இரண்டாவது குவியல் எதற்கென்றும் புரிந்தது. விடுமுறை கெட்டுவிடக் கூடாது என்று இருவரும் 26 நாட்கள் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு அடைகிறது என்று அப்பா விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். பெரியவர்களிடம் சொல்வது போல அவர் எங்களிடம் கணக்குச் சொன்னது அதுவே முதல் முறை. மூத்தவள் பிளஸ் ஒன் முடித்த பிறகு, 2027 ஜூனில் தான் வந்துவிடுவதாகவும், மீண்டும் பட்டறை போடப்போவதாகவும் சொன்னார்.

இளையவள் அழவில்லை, அவளுக்குக் கோபம். “அப்போ நம்ம லேத்து அதுவரைக்கும் துருப்பிடிச்சுப் போயிராதுங்களா?” என்று கேட்டாள். அப்பாவால் சிறிது நேரம் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து லேத்தின் படம் வரைந்து, எங்கெங்கே துடைக்க வேண்டும், எங்கெங்கே எண்ணெய் பூச வேண்டும் என்று குறித்துக் காட்டினார். பெட்டில் மெல்லியதாகப் பூச வேண்டும். சக்கின் தாடைகளைத் திறந்து உள்ளே துடைக்க வேண்டும். ஈரத் துணி ஆகவே ஆகாது. மாதம் ஒருமுறை செய்தால் போதும். மேலே போக இரவு மணி பன்னிரண்டாகிவிட்டது. ஊரில் அப்போது ஒன்பதரை. அவர்கள் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது.

செவ்வாயைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. விமானம் மாலையில், மதியமே சாங்கி நிலையத்துக்குப் போய்விட்டோம். அதனருகே 2019 இல் திறந்த ‘ஜுவல்’ என்ற கண்ணாடி மாளிகையில், கூரையின் நடுவிலிருந்து 40 மீட்டர் உயரத்துக்கு நீர் கொட்டுகிறது. கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது இதுதான். அதன் முன் படம் எடுத்துக்கொண்டோம். நால்வரும் ஒன்றாக இருக்கும் படம் அந்த 28 நாளில் அது ஒன்றுதான். மற்றவற்றில் எல்லாம் அப்பாவே படம் எடுத்தார். பெட்டிகள் மூன்றும் சேர்ந்து 59 கிலோ. “பாரு, ஒரு கிலோ வீணாப் போச்சு” என்றார் அப்பா. குடிநுழைவு வாயிலுக்கு அப்பால் அவர் வரக் கூடாது. அம்மா அவரிடம், “ஏனுங்க, பொடியெல்லாம் காத்துப் படாம மூடி வையுங்க” என்றார். அப்பா தலையசைத்தார். கண்ணாடிக்கு அப்புறம் அவர் சட்டை தெரியும்வரை கையசைத்தோம்.

நான்கரை மணி நேரத்துக்குள் பீளமேடு வந்துவிட்டது. வெளியே கோடை மழை பெய்து மண் நனைந்திருந்தது. மறுநாளே காலணிகளை அரியலூருக்கு அனுப்பினோம்.

ஜூன் மாத முதல் ஞாயிறன்று, திருப்பலி முடித்து வந்து, தார்ப்பாயை நீக்கினோம். பெட்டின் ஓர் ஓரத்தில் துரு தொட்டிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்ததும் போய்விட்டது. சக்கைத் திறக்க இருவரும் சேர்ந்து சாவியைத் திருப்ப வேண்டியிருந்தது. எண்ணெய் பூசி முடித்துப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினோம். அன்று அவருக்கும் விடுமுறை. உடனே பதில் வந்தது. லீட் ஸ்க்ரூவை விட்டுவிட்டீர்கள், அதற்கும் போடுங்கள் என்று எழுதியிருந்தார். மீண்டும் தார்ப்பாயை நீக்கினோம்.