கடைசிப் பந்தி

மேட்டுப்பாளையம் என்று சொன்னால் வெளியூர்க்காரர் நீலகிரி அடிவாரத்தையும் மலை ரயிலையும் நினைத்துக்கொள்வது வழக்கம். புதுச்சேரியைச் சேர்ந்த எங்கள் மேட்டுப்பாளையத்திலோ மலையும் கிடையாது, பாக்குத் தோப்பும் கிடையாது. தொழிற்பேட்டையின் கொட்டகைகளும், சரக்கு லாரிகள் இளைப்பாறும் முனையமும், தேநீர்க்கடை வாசலை விட்டு நகராத ஓட்டுநர்களுந்தான் இவ்வூரின் லட்சணம். அந்த லாரி வரிசையைக் கடந்து, காலை ஒன்பது மணிக்கு நான் ஒரு தனியார் விடுதிப் பள்ளியின் பின்வாசலில் போய் நின்றேன். பள்ளியைப் பார்க்கவேண்டுமானால் பின்வாசல் வழியாக வரவேண்டும் என்பது தலைமையாசிரியர் எனக்கு விதித்த முதல் நிபந்தனை. தம் பெயரும் பள்ளியின் பெயரும் அச்சில் வரலாகாது என்பது இரண்டாவது.

பின்வாசல் திறந்தது சமையற்கட்டில். சாம்பாருக்கும் இட்லிக்கும் நீராவிக் கொதிகலன் வந்து வெகுநாளாகியும், சோற்றை மட்டும் பெரியவர் ஒருவர் விறகடுப்பில்தான் வடிக்கிறார். கொதிகலன் சோறு பிள்ளைகளுக்குப் பசியை அடக்குமேயொழிய ருசிக்காது என்பது அவருடைய சித்தாந்தம். உலை கொதிக்கும் ஓசையைக் காதால் கேட்டே அரிசியைக் கொட்டினார். “புது அரிசி சார், தண்ணியைக் குறைக்கணும், இல்லேன்னா களியாப் போயிடும்” என்று சொல்லிக்கொண்டே, துடுப்பால் ஒரு முறை அடியோடு கிளறி, கரண்டி நுனியில் வந்த பருக்கையை இரண்டு விரல்களுக்கிடையே நசுக்கி என்னிடம் காட்டினார்; வெந்த பருக்கையின் நடுவே ஊசிமுனை அளவுக்கு வெள்ளை தெரிந்தது. வீட்டில் இதை வேகாச் சோறு என்போம். ஆனால் அண்டாச் சோறு வடித்துக் குவித்தபின் தன் சூட்டிலேயே மேலும் வேகுமாதலால், அந்த வெள்ளை இருக்கும்போதே இறக்கிவிடுவதுதான் தொழில். அண்டாவின் வாயில் துணியைக் கட்டி, காதுகளில் கம்பைக் கோத்து, இரண்டு ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு சாய்க்க, கஞ்சி நுரையோடு கால்வாயில் இறங்கிற்று. அந்தச் சில நிமிஷங்களில் அங்கே யாரும் யாரோடும் பேசவில்லை. தலைமையாசிரியர்கூட வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அவர் தமிழாசிரியராக இப்பள்ளிக்கு வந்தவர். வந்த இரண்டாம் வருஷமே, கலியாணமாகாதவர் என்ற ஒரே காரணத்தால், இரவு வார்டன் வேலையையும் அவர் தலையில் கட்டிவிட்டார்களாம். அக்காலத்தில் ஒரு சிறுவன் விடுதியை விட்டு ஓடிப்போனான். மறுநாள் விடியற்காலையில் லாரி முனையத்திலிருந்து ஓட்டுநர் ஒருவர், தம் வண்டிக்குள் சுருண்டு கிடந்த பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஒப்படைத்தார். கணக்கு வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து ஓடியிருப்பான் என்று எல்லோரும் நிச்சயித்திருக்க, பையன் சொன்ன காரணம் வேறு. “ரெண்டாவது தடவை குழம்பு கேட்டேன் சார். கரண்டியை வாளியிலே தட்டிட்டு அடுத்த எலைக்குப் போயிட்டாங்க.”

“அன்னிக்கித்தான் ஐயா நான் தலைமையாசிரியர் ஆனேன், உத்தரவுதான் பல வருஷம் கழிச்சு வந்தது” என்றார் அவர்.

அதுமுதல் அவர் உண்பது கடைசிப் பந்தியில். முதல் பந்திக்குக் கெட்டியாக ஊற்றிய குழம்பை, போதாமல் போகும்போது வெந்நீர் விட்டு நீட்டிக் கடைசிப் பந்திக்கு அனுப்புவது விடுதிச் சமையலின் புராதன தந்திரம். தலைமையாசிரியரின் இலையும் அங்கேயே விழும் என்று தெரிந்துவிட்டால் அந்தத் தந்திரம் பலிக்காது. சுற்றறிக்கை போட்டுச் சாதிக்க முடியாததை அவர் உட்காரும் இடத்தாலேயே சாதித்துவிட்டார். இதைப் பெரிய நிர்வாக சாஸ்திரமாக அவர் சொல்லவில்லை; நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடைசிப் பந்திக்காகக் காத்திருக்கையில் எனக்கு வ. வே. சு. ஐயரின் ஞாபகம் வந்தது. 1910 முதல் 1920 வரை இதே புதுச்சேரியில் அடைக்கலமாக வாழ்ந்து, குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து, சிறுகதைகளும் எழுதிய அந்த மேதை, 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தைச் சேரன்மாதேவியில் நடத்தினார். கல்வியோடு கைத்தொழிலும் தேசபக்தியும் கற்பிக்கும் அந்த ஸ்தாபனத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் நன்கொடை கொடுத்தது. அத்தனை பிரயாசையும் சாப்பாட்டுக் கூடத்தில் வந்து முட்டிக்கொண்டது. பிராமணப் பையன்கள் இருவருக்குத் தனியே உணவளிக்க, அவர்களுடைய பெற்றோரின் பிடிவாதத்துக்கு இணங்கி, ஐயர் சம்மதித்திருந்தார். இங்கிருந்து வெகுதூரமில்லாத ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தவன். அவன் வீட்டில் வந்து சொன்ன செய்தி வரதராஜுலு நாயுடு, பெரியார் ஆகியோர் வாயிலாக மாகாணமெங்கும் கொந்தளிப்பாயிற்று. காந்தியடிகள் வரைக்கும் விவகாரம் போனது. 1925இல் ஐயர் பொறுப்பைத் துறந்தார். அவ்வாண்டு ஜூன் 3ஆம் தேதி, பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்து உயிர் நீத்தார்.

ஐயர் சாதி வெறியரல்லர் என்று அவருடைய அன்பர்கள் சொன்னதை நான் மறுக்க வரவில்லை. ஆயினும் இரண்டு தகப்பன்மாருக்குக் கொடுத்த வாக்கை, பந்தியில் உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகளின் மானத்துக்கு மேலாக அவர் வைத்தார் என்பதும், அவ்விஷயத்தில் அவரைக் கண்டித்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பதும் என் துணிபு. மற்றதிலெல்லாம் பெரியவரான ஒருவர் அந்த ஒரு தீர்ப்பில் தவறினார்.

பகல் ஒரு மணிக்குக் கடைசிப் பந்தி உட்கார்ந்தது. தலைமையாசிரியருக்கு இடப்பக்கம் நான், வலப்பக்கம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். ரசம் வந்தபோது அவன் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “உப்பு கம்மி சார்” என்றான், சற்றும் பயமில்லாமல். “அண்ணே, உப்பு!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் தலைமையாசிரியர். அடுப்படிப் பெரியவர் உப்புக் கிண்ணத்தோடு தாமே வந்து பையனிடம் நீட்டினார்.

பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் போகாதீர்கள், ஒரு மணிக்குப் பந்திக்குப் போங்கள்.