மனோராவில் நெப்போலியன்

ஜனவரி 5, திங்கள்
அரையாண்டு விடுமுறை முடிந்து முதல் நாள். ஒன்பதாம் வகுப்புக்குப் ‘புரட்சிகளின் காலம்’. பாஸ்டில் என்று பலகையில் எழுதினால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் கக்குவார்கள், அதோடு சரி. இந்தத் தடவை பிரான்சை ஓரமாக வைத்துவிட்டு மல்லிப்பட்டினம் பக்கத்து மனோரா கோபுரத்திலிருந்து ஆரம்பித்தேன். “மனோரா பாத்தவங்க கை தூக்குங்க.” முக்கால்வாசிக் கைகள் மேலே. யார் கட்டியது என்றால் சரபோஜி ராஜா என்று வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டதும் ஆளுக்கொரு கதை: கலங்கரை விளக்கம், ராணி கடல் பார்க்க, சுரங்கப்பாதை. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட என்றேன். “சும்மா சொல்றீங்க டீச்சர்!”

ஜனவரி 6, செவ்வாய்
பலகையில் இரண்டே தேதிகள். 1799 அக்டோபர் 25: இரண்டாம் சரபோஜி தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்து, கோட்டையை மட்டும் வைத்துக்கொண்டார். 1799 நவம்பர் 9: பாரிசில் நெப்போலியன் அதிகாரத்தைப் பிடித்தார். இடையில் இரண்டே வாரம். நடுவே என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன்: “பிரெஞ்சுக்காரன் வந்துருவான்னு இங்கிலீஷ்காரனுக்குப் பயம்.” முந்தின வருஷம் நெப்போலியன் எகிப்தில் இறங்கியதையும், அந்த மே மாதம் திப்பு வீழ்ந்ததையும் அதன் மேல் வைத்துச் சொல்ல முடிந்தது.

ஜனவரி 8, வியாழன்
வராந்தாவில் ஆட்டம். ஒரு கோடி பாரிஸ், மறு கோடி தஞ்சாவூர், நடுவில் குடிநீர்க் குழாய்தான் நன்னம்பிக்கை முனை. சூயஸ் கால்வாய் 1869-இல்தான் திறந்தது. அதுவரை கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர மாதக்கணக்காகும். ஆகவே செய்திச் சீட்டைக் கையில் வைத்திருப்பவர் கைதட்டுக்கு ஓரடிதான் வைக்கலாம்.

முதல் சீட்டு: 1814 ஏப்ரல், நெப்போலியன் பதவி துறந்தார், எல்பா தீவுக்குப் போகிறார். அது ஊர்ந்து வந்து சேர்ந்ததும் ‘சரபோஜி’ எழுந்து கோபுரம் கட்ட உத்தரவு போட்டான். அதற்குள் பாரிஸ் முனையில் அடுத்த சீட்டு கிளம்பிவிட்டது: 1815 பிப்ரவரி, எல்பாவிலிருந்து தப்பித்தார். அதைப் படித்ததும் ராஜா முகத்தைப் பார்க்க வேண்டுமே! “கொத்தனார நிறுத்தச் சொல்லவா டீச்சர்?” பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு. வாட்டர்லூ சீட்டு (ஜூன் 18) வந்து சேரும்போது மணி அடித்துவிட்டது.

ஜனவரி 10, சனி
அனுமதிக் கடிதம், பெற்றோர் கையெழுத்து எல்லாம் ஒருவழியாக முடிந்து மனோரா. அறுகோணக் கோபுரம், எட்டு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கையும் பிரித்து வெளியே நீட்டிய விளிம்பு. ஓடிப்பிடித்து விளையாடியது போக, கல்வெட்டின் முன்னால் உட்கார வைத்தேன். போனபார்ட்டின் வீழ்ச்சி என்கிறது, ஆண்டு 1814. சுற்றுலாக் குறிப்புகள் பலவற்றில் வாட்டர்லூ வெற்றிச் சின்னம் என்றே இருக்கிறது. “அப்ப வாட்டர்லூவே நடக்கலையே!” என்று ஒருத்தி. கட்டி முடிக்க 1815 ஆகியிருக்கலாம் என்று இன்னொரு கட்சி. நான் கல்லின் பக்கம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சண்டை பேருந்திலும் ஓயவில்லை.

ஜனவரி 12, திங்கள்
ராஜாவுக்கு ஏது காசு என்று கேள்வி வந்தது. 1799 ஒப்பந்தப்படி வருஷம் ஒரு லட்சம் வராகன், போக நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு என்றேன். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை அடுக்கிவிட்டு இரவெல்லாம் காவல் இருக்கும் வீட்டுப் பெண் பட்டென்று சொன்னாள்: “அப்ப நம்ம நெல்லு காசு. நெப்போலியன் நமக்கு என்ன பண்ணான்?” பாடநூலில் இந்தக் கேள்வி இல்லை.

கம்பெனிக்கு விசுவாசம் காட்டத்தான் கட்டினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக அவரை வெறும் ஜால்ராவாக விட்டுவிட மனமில்லை. சரஸ்வதி மகால் நூலகத்துக்கு ஐரோப்பியப் புத்தகங்களை வாங்கிக் குவித்தவர். உலகப் பூகோளத்தைக் குறவஞ்சி நாடகமாக, மராத்தியில், ‘தேவேந்திர குறவஞ்சி’ என்று எழுதியவர். குறத்தி குறி சொல்லாமல் கண்டங்களைச் சொல்கிறாள்! நமக்கு இருநூறு வருஷம் முந்திய வகுப்பறை உத்தி.

ஆண்டு விழாவுக்கு அதே பாணியில் பிரெஞ்சுப் புரட்சி போடுவதாக முடிவு. குறத்தி வேஷத்துக்கு மூன்று பேர் அடம். நெப்போலியனுக்குப் பஞ்சமில்லை, பதினாறாம் லூயியாக நடிக்கத்தான் ஒருத்தரும் வரவில்லை. தலை போய்விடுமாம்.