கடல் நடுவே ஓர் ஓடுபாதை

அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, மெக்சிக்கோ எல்லைக்கு அண்மையில் சான் டியேகோ என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அந்நகரின் கரையோரத்திலே பெருமதில்போல் உயர்ந்து நிற்கிறது 'மிட்வே' என்னும் விமானந்தாங்கிக் கப்பல். 1945இல் கடற்படையிற் சேர்ந்து 1992இல் ஓய்வுபெற்ற இக்கப்பல், 2004ஆம் ஆண்டு முதல் நூதனசாலையாக விளங்குகிறது.

இத்தகைய கப்பல்கள் இலங்கையின் வரலாற்றிலும் இடம்பெற்றவை. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின்மீது குண்டு பொழிந்த யப்பானிய விமானங்கள் கடலில் நின்ற விமானந்தாங்கிகளிலிருந்தே எழுந்து வந்தன. நான்கு நாட்களின் பின்னர், மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கியை அவை மூழ்கடித்தன. அன்று ஹேர்மிஸின் தளத்திலே ஒரு விமானமேனும் இருக்கவில்லை. தன் விமானங்களைப் பிரிந்த விமானந்தாங்கிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் வலிமை மிகக் குறைவு.

மிட்வேயின் மேற்றளத்தில் ஏறி நின்றால், முந்நூறு மீற்றர் நீளமான அப்பரப்பு விளையாட்டு மைதானம் போலத் தோன்றும். ஆனால், வானிலிருந்து வரும் விமானிக்கு அது கடலில் மிதக்கும் ஒரு பனையோலைத் துண்டு. தரையிலே கிலோமீற்றர் கணக்கில் ஓடுபாதை வேண்டும் ஜெட் விமானங்கள், இச்சிறு தளத்திலிருந்து எழுவதெப்படி? மீண்டும் வந்து இறங்குவதெப்படி?

முதலில் எழும்புதலைப் பார்ப்போம். கப்பல் காற்றை எதிர்நோக்கித் திரும்பி விரைகிறது. எதிர்க்காற்று எவ்வளவு வலிதோ, விமானம் பெறவேண்டிய வேகம் அவ்வளவு குறையும். எஞ்சிய வேகத்தைக் கவண்பொறி கொடுக்கிறது. தினைப்புனத்திலே கிளியோட்டும் கவண் கல்லை வீசுவதுபோல, தளத்தின் கீழுள்ள நீராவி உருளைகள் விமானத்தை இழுத்து வீசுகின்றன. ஏறத்தாழ இரண்டே வினாடிகளில் அது மணிக்கு 250 கிலோமீற்றரையும் மிஞ்சிய வேகத்தைப் பெற்றுவிடும். விமானத்தின் எடைக்கேற்ப நீராவியின் வலிமையை அமைக்கவேண்டும். ஆகையால், எடையை எழுதிய பலகையொன்றைத் தளத்திலுள்ள ஊழியர் உயர்த்திக் காட்டுவார். விமானி அது சரியென்று சைகை செய்வார். அந்த எண்ணிற் பிழை நேர்ந்தால் விமானம் கடலில் விழவும் கூடும். 2017இல் சேவையிற் சேர்ந்த 'ஜெரால்ட் போர்ட்' கப்பலிலே நீராவிக்குப் பதிலாக மின்காந்த விசை இவ்வேலையைச் செய்கிறது.

எழும்புவதினும் இறங்குவதே கடினம். விமானத்தின் வாற்பகுதியில் ஒரு கொக்கி தொங்கும். தளத்தின் குறுக்கே சில உருக்கு வடங்கள் கட்டப்பட்டிருக்கும். கொக்கி அவற்றில் ஒன்றைப் பற்றினால், விமானம் இரண்டொரு வினாடிகளில் நின்றுவிடும். இங்கே கேட்போரை வியக்கவைக்கும் செய்தி ஒன்றுண்டு. சக்கரம் தளத்தைத் தொட்ட கணத்திலே விமானி வேகத்தைக் குறைப்பதில்லை; இயந்திரத்தை முழு வலிமையுடன் முடுக்கிவிடுகிறார். கொக்கி வடத்தைத் தவறவிட்டால் உடனே மேலெழவேண்டும் அல்லவா? இறங்கும்போதே மீண்டும் எழும்ப ஆயத்தமாயிருப்பதுதான் இக்கலையின் உயிர்நாடி.

இந்த அறிவு எளிதில் வந்ததன்று. 1911 சனவரியிலே சான் பிரான்சிஸ்கோக் குடாவில் நின்ற போர்க்கப்பலொன்றின் மரத்தளத்தில் யூஜின் ஈலி என்பவர் முதன்முதலாக இறங்கினார். மணல்மூட்டைகள் கட்டிய கயிறுகளே அவரது விமானத்தைப் பற்றி நிறுத்தின. 1917இல், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் முதலில் இறங்கியவர் பிரித்தானியரான எட்வின் டனிங். ஐந்து நாட்களின் பின் அவர் மீண்டும் இறங்க முயன்றபோது, விமானம் கடலில் வீழ்ந்து உயிரிழந்தார். முற்காலத்துத் தளங்கள் நேரானவை. வடத்தைத் தவறவிட்ட விமானம், முன்னே நிறுத்தியிருந்த விமானங்களோடு மோதும் அபாயம் இருந்தது. 1951இல் பிரித்தானியக் கடற்படை அதிகாரி டெனிஸ் கம்பெல், இறங்குபாதையைச் சற்றே இடப்பக்கம் சாய்த்தமைக்கும் யோசனையை முன்வைத்தார். அதன் பயனாகத் தவறியவருக்கு முன்னே வெறும் கடலும் வானுமே இருந்தன. அவர் மறுமுறை முயலலாம். மிட்வேயும் 1955 முதல் 1957 வரை இம்முறைக்கேற்பத் திருத்தியமைக்கப்பட்டது.

அந்தத் தளத்திலேதான் 1975 ஏப்ரல் இறுதியில் மறக்கவொண்ணாத நிகழ்ச்சியொன்று நடந்தது. சைகோன் நகரம் வீழ்ந்துகொண்டிருந்த வேளை அது. தென் வியட்நாமிய விமானப்படையின் மேஜர் புவாங் லீ, இருவர் அமரும் சிறு விமானமொன்றில் மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கடலின்மேல் வந்தார். விமானத்தில் கொக்கி இல்லை. கப்பலில் இறங்கிய அனுபவமும் அவருக்கு இல்லை. தளமோ அகதிகளை ஏற்றிவந்த ஹெலிகொப்டர்களால் நிறைந்திருந்தது. தளத்தில் இடம் ஒதுக்கித் தரும்படி வேண்டி அவர் எழுதிப் போட்ட கடதாசிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றில் பறந்துபோயின. இறுதியில் ஒன்று கப்பலோர் கையிற் கிடைத்தது.

கப்பற்றலைவர் லோரன்ஸ் சேம்பர்ஸ், ஹெலிகொப்டர்களைக் கடலில் தள்ளிவிடுமாறு கட்டளையிட்டார். கொக்கியில்லாத விமானத்துக்கு இடையூறாகுமென்று வடங்களும் அகற்றப்பட்டன. தம்மை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள் என்றே அவர் எண்ணினார். எத்தனை ஹெலிகொப்டர்கள் தள்ளப்பட்டன என்பதைக் காணாதிருக்கத் தாம் கண்களை மூடிக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். கப்பல் காற்றை எதிர்த்து விரைந்தது. சிறு விமானம் தளத்தைத் தொட்டு, ஒருமுறை துள்ளி, ஓடி நின்றது. எழுவரும் உயிர் தப்பினர். சேம்பர்ஸ் தண்டிக்கப்படவில்லை, பின்னர் றியர் அட்மிரலாக உயர்ந்தே ஓய்வுபெற்றார்.

அந்த விமானத்தை இன்று புளோரிடாவின் பென்சகோலா நகரிலுள்ள கடற்படை விமான நூதனசாலையிற் காணலாம். மிட்வேயைப் பார்த்துத் திரும்புவோர் நீராவிப் பொறியின் கணக்குகளை மறந்துவிடலாம். ஆயின், ஒரு குடும்பம் இறங்குவதற்காக அந்தத் தளம் வெறுமையாக்கப்பட்ட கதையை அவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.